பிடியும் நடையும்

"பிடியும் நடையும்" என்னுந் தலைப்பைக் கண்டவுடன், மகளிர் நடைக்குப் பெண்யானையின் நடையை உவமை கூறும் புலவர் மரபினை ஆராயப் புகுந்தோம் என்று எம் வகுப்புத் தோழர் எண்ணக்கூடும். தமிழ் ஆனர்ஸ் வகுப்பினர் வேறெதனை எழுதப்போகின்றனர் என்று ஏனைய வகுப்பினர் நகைத்தலுங் கூடும். அவ்விரு சாராரையும் முதற்கண் ஏமாற்ற வேண்டியவராயுள்ளோம். ஈண்டுப் பிடி என்றது யானையை அன்று, கையின் பிடியை. நடை என்றதும் புலவர் புனைந்த அன்ன நடையை அன்று. முதிர்ந்த பெண்ணொருத்தி நாற்காலியினின்று எழுந்து, வாயில் கடந்து, படியிறங்கித் தெருமுனைவரை சென்று மீளும் எளிய நடையை. இவ்விரண்டிற்கும் உள்ள உறவு யாது என்பதே இக்கட்டுரைப் பொருள். மருத்துவ மாணவர் எழுதவேண்டியதைத் தமிழ் மாணவராகிய யாம் எடுத்துக்கொண்டமைக்குக் காரணம் எம் வீட்டிலேயே உள்ளது. அதனை முதலிற் கூறிவிடுவாம்.

தந்தையைப் பெற்ற தாயாரை எம் பக்கத்தில் ஆச்சி என்றழைப்பது வழக்கம். எம் ஆச்சிக்கு அகவை 76. திருநெல்வேலிச் சீமையில், தாமிரபரணிக் கால்வாயொன்று பாயும் சிற்றூரில் வாழ்கின்றார். இளமையில் ஆட்டுக்கல்லும் அம்மியும் உலக்கையும் பயின்ற கை அவருடையது. 2023-ஆம் ஆண்டில் ஒருநாள் ஊறுகாய் ஜாடியின் மூடியைத் திருகமாட்டாது எம்மிடம் நீட்டி, "யாரோ இறுக்கி மூடிட்டாவ" என்றார். முந்தின நாள் மூடியவர் அவரே என்பது வீட்டில் அனைவரும் அறிந்தது. சின்னாட் கழித்து, ஈரத்துணியைப் பிழிய இயலாமல் நீர் சொட்டச் சொட்டக் கொடியில் இட்டார். பின்னொருநாள் பித்தளைச் செம்பு கையினின்று நழுவித் தரையில் உருண்டது. யாமோ அன்பு மிகுதியால் ஒவ்வொரு வேலையாக அவரிடமிருந்து வாங்கிக்கொண்டோம். "ஆச்சி, நீங்க உக்காருங்க" என்பதே வீட்டிலுள்ளார் அனைவர்க்கும் பல்லவியாயிற்று.

அதே காலத்தில் அவர் நடையும் குறுகிக்கொண்டே வந்தது. கடைத்தெருவுக்குச் செல்வது முதலில் நின்றது. பிறகு அடுத்த தெருவிலிருந்த தங்கையார் வீட்டுக்குப் போவது நின்றது. எம் ஊர் ஆலயத்தின் வாயிலில் 7 படிகள் உள்ளன. இருமருங்கும் அகன்ற சிமெந்துச் சுவர் உண்டே யன்றிக் கையாற் பற்றிக்கொள்ளக் கம்பி யாதும் அக்காலத்தில் இல்லை. 2024-ஆம் ஆண்டின் ஈஸ்டருக்குப் பின், அறுபது ஆண்டுகளாக ஞாயிறு தவறாது சென்றவர், "வீட்டிலிருந்தே ஜெபிச்சுக்கிடுதேன்" என்று கூறி நின்றுவிட்டார். கை தளர்ந்தது முதுமையால், நடை தளர்ந்தது முழங்கால் நோவினால் என்று யாம் இரண்டனையும் இருவேறு கணக்கில் எழுதி வைத்திருந்தோம்.

அவ்வாண்டு ஜூன் மாதத்தில் முழங்கால் நோவைக் காட்டும்பொருட்டு நகரத்து மருத்துவமனை யொன்றுக்கு அவரை அழைத்துச் சென்றோம். மருத்துவர் முழங்காலை நன்கு பார்த்தபின், இரண்டு உலோகப் பிடிகளும் கடிகார முகம் போன்றதொரு தட்டும் உடைய கருவியை எடுத்து ஆச்சியின் கையிற் கொடுத்து, இயன்ற மட்டும் இறுக்குமாறு கூறினார். வலக்கையால் மும்முறை, இடக்கையால் மும்முறை. முள் காட்டிய மிகுதியான அளவு 14 கிலோ. பிறகு கையை ஊன்றாமல் நாற்காலியினின்று ஐந்துமுறை எழுந்து அமரச் சொன்னார். ஆச்சியால் ஒருமுறைதான் எழ முடிந்தது. மருத்துவர் எழுதிக்கொண்டிருக்கையில் ஆச்சி எம் பக்கம் திரும்பி, "கால் நோவுக்கு மருந்து கேக்க வந்தா, கையைப் பிடிக்கச் சொல்லுதாரே, எய்யா" என்று மெல்லச் சிரித்தார். அக்கேள்விக்கு விடை எமக்கு அன்று தெரியவில்லை. அதைத் தேடிக் கல்லூரி நூலகத்திலும், மருத்துவம் பயிலும் நண்பர் அறையிலும் கழித்த மாலைகளின் பயனே இக்கட்டுரை.

தேடத் தொடங்கியபின், கையையும் காலையும் சேர்த்து நோக்குவது மருத்துவர்க்கே உரிய புதுமையன்று என்பது புலப்பட்டது. "கைகால் ஓய்ந்தது" என்றுதான் நம் மக்கள் கூறுகின்றனர். காலை மட்டும் பிரித்துக் கூறுவோர் அரியர். திருமறையிற் பிரசங்கியின் 12-ஆம் அதிகாரம் முதுமையுற்ற உடலைப் பாழடையும் வீடாக உருவகஞ் செய்கின்றது. அவ்வீட்டின் நடுங்குகின்ற காவலர் கைகள் என்றும், வளைந்துபோன வலியர் கால்கள் என்றும் உரைகாரர் பொருள் கொள்வர். ஒரே வசனத்தில் அடுத்தடுத்து அவ்விரண்டும் கூறப்படுகின்றன. சிறுவயதில் மனப்பாடஞ் செய்த பகுதி. பொருள் விளங்கியது மருத்துவமனையிலேதான்.

இனி அக்கருவியின் வரலாற்றைச் சிறிது கூறுவாம். அதற்கு டைனமாமீட்டர் என்று பெயர். பிரான்சு நாட்டு ரேனியே என்னும் கம்மியர் கைவலிமையை அளக்கத்தக்க கருவியொன்றை அமைத்து 1798-ஆம் ஆண்டில் அதனை விளக்கி எழுதினார். 1800-இல் புறப்பட்டு ஆஸ்திரேலியக் கரைகளை ஆராயச் சென்ற பிரெஞ்சுக் கப்பல்களில் பெரோன் என்னும் இளம் அறிஞர் அதனை எடுத்துச் சென்று, தீவுமக்கள் கையிற் கொடுத்து இறுக்கச் சொல்லிப் பார்த்து, நாகரிகமில்லாதார் ஐரோப்பியரினும் வலிமை குறைந்தவர் என்று முடிவு கட்டினார். ஒருவர் மொழி ஒருவர்க்கு விளங்காத நிலையில், இதுகாறும் கண்டிராத இரும்பைக் கையில் திணித்து அளந்த அளவு எத்துணை மெய்யாகும்! எண் பொய்யாகாது; எண்ணிலிருந்து எடுக்கும் முடிவு பொய்யாகலாம். இதனை மனத்திற் கொள்க; பின்னர் வேண்டியிருக்கும். இக்காலத்து மருத்துவமனைகளிற் பெரிதும் வழங்குவது, 1954-இல் பெக்டல் என்பார் விளக்கி எழுதிய, பிடியின் இடைவெளியைக் கைக்குத் தக்கவாறு மாற்றியமைக்கத் தகும் கருவியின் வழிவந்தது. நாற்காலியில் நிமிர்ந்தமர்ந்து, முழங்கையை நேர்கோணமாக மடக்கி, விலாவை ஒட்டி வைத்து இறுக்குதல் முறை. இருக்கை மாறினும் முழங்கையின் நிலை மாறினும் அளவும் மாறிவிடும்.

அற்றேல், கையை இறுக்குவதால் காலின் நிலை எங்ஙனம் தெரியும்? படிப்போர் தம் இடக்கையால் வலது முன்கையைப் பற்றிக்கொண்டு, வலக்கை விரல்களை மடக்கி இறுக்கிப் பார்க்க. முன்கையினுள்ளே திரண்டெழும் அசைவு தெரியும். விரல்களை வலிந்து மடக்கும் பெருந்தசைகள் விரல்களில் இல்லை, முன்கையில் உள்ளன. அவற்றின் நாண்கள் மணிக்கட்டைக் கடந்து விரல்நுனி நோக்கிச் செல்கின்றன. அத்தசைகளை ஏவும் நரம்புகளின் வேர் தண்டுவடத்தில். ஏவலின் தோற்றம் மூளையில். ஆகவே ஒரு கைப்பிடியில் மூளை, தண்டுவடம், நரம்பு, தசை, மூட்டு என்னும் ஐந்தும் ஒருங்கே தேர்வெழுதுகின்றன. காலும் அவ்வைந்தினாலேயே இயங்குவது.

அகவை முதிர முதிரத் தண்டுவடத்திலுள்ள இயக்க நரம்பணுக்கள் சில மடிகின்றன. ஒவ்வோர் அணுவும் பல தசையிழைகளுக்குத் தலைமையாயிருப்பது. தலைவனை இழந்த இழைகளுள் சிலவற்றை அண்டையிலுள்ள நரம்பு தத்தெடுத்துக்கொள்ளும். எஞ்சியவை நலிந்து மறையும். தசையிழைகளுள் மெல்ல இயங்கி நெடுநேரம் உழைப்பன ஒருவகை. சட்டென இயங்கி விரைவில் ஓய்வன மற்றொருவகை. முதுமையில் மிகுதியாகச் சுருங்குவது இரண்டாம் வகையே. கால் இடறியவுடன் மறுகாலை விரைந்து முன்வைத்து வீழாமற் காப்பது அவ்வகை இழைகள். இடறுதல் இளையோர்க்கும் உண்டு. இடறியபின் நிற்றலே முதியோர்க்கு அரிது. இங்ஙனம் தசையும் வலிமையும் குறையும் நிலைக்குச் சார்க்கோபீனியா என்று பெயர். ரோசன்பர்க் என்னும் அமெரிக்க அறிஞர் 1988-இல் நடந்த கூட்டமொன்றில் அச்சொல்லை முன்மொழிந்தார். கிரேக்க மொழியில் தசைக்குறைவு என்பது பொருள்.

இந்நலிவு உடல் முழுதும் நிகழ்வது. மேலும், கையினும் கால் தசைகளே விரைவாகக் குறைகின்றன. காலின் வலிமையை நேரே அளக்கப் பெரிய பொறியும் தனியறையும் வேண்டும். கைக்கருவியோ பைக்குள் அடங்கும். நோயாளி எழவும் வேண்டா. ஆதலின் மருத்துவர் கையைக் கேட்டுக் காலின் செய்தியை அறிகின்றார். ஆச்சியின் கேள்விக்கு ஒருவாறு விடை இதுவே.

ஒருவாறு என்றமைக்குக் காரணம் உண்டு. பெண்டிர்க்கு இது மேலும் கடுமையான செய்தி. பிரித்தானியாவில் நடந்த 12 ஆய்வுகளின் அளவுகளை ஒருங்கு சேர்த்து 2014-இல் வெளியிட்ட கணக்கின்படி, ஆடவர் கைப்பிடி உச்சநிலையில் நடுத்தரமாக 51 கிலோ. பெண்டிர்க்கு 31 கிலோ. முப்பதாம் அகவையை ஒட்டி எய்தும் அவ்வுச்சம் சில ஆண்டுகள் நிலைத்து, பிறகு இருபாலார்க்கும் இறங்குகின்றது. ஆனால், உலகம் பெண்ணின் கைக்கேற்ப எடையைக் குறைத்துக்கொள்வதில்லை. பேருந்தின் படி இருவர்க்கும் ஒரே உயரம். நீர் நிறைந்த குடம் எவர் இடுப்பிலிருப்பினும் ஒரே பாரம். அதனைப் பெரும்பாலும் சுமப்பவர் யார் என்பதையும் எண்ணிப் பார்க்க. மேட்டில் தொடங்கியவன் பத்தடி இறங்கினும் வெள்ளத்துக்கு மேலே நிற்பான்; தாழ்வில் தொடங்கியவள் பத்தடி இறங்கினால் நீரிலே நிற்பாள். அக்கணக்கின்படி 80 அகவையில் பெண்டிருள் நூற்றுக்கு 27 பேர் நலிந்த பிடியினர். பெண்டிரே நெடிது வாழ்கின்றனர் என்பதும் மெய்; அந்நீண்ட ஆண்டுகளிற் பலவற்றை நடக்க மாட்டாது கழிக்கின்றனர் என்பதும் மெய். மாதவிடாய் நின்றபின் எலும்பு விரைந்து தேய்தலும், முழங்கால் மூட்டுவாதம் பெண்டிரை மிகுதியாகப் பற்றுதலும் இதனொடு சேர்கின்றன.

எவ்வளவு குறைந்தால் நலிவு என்பது? 2019-இல் ஐரோப்பிய அறிஞர் குழுவினர் பெண்டிர்க்கு 16 கிலோவுக்கும் ஆடவர்க்கு 27 கிலோவுக்கும் கீழ்ப்பட்டதை நலிந்த பிடி என்றனர். அவ்வாண்டே ஆசியக் குழுவினர் 18 என்றும் 28 என்றும் எல்லை வகுத்தனர். நோய் என்னும் நிலைக்கு முன்னரே நடை தடைப்படத் தொடங்குதலும் உண்டு. பின்லாந்து நாட்டில் 55 அகவைக்கு மேற்பட்டோரை ஆராய்ந்து 2010-இல் வெளியிட்ட கட்டுரையில், அரைக் கிலோமீட்டர் நடத்தலிலோ படியேறுதலிலோ இடர்ப்படுவோரைக் கண்டுகொள்ளத்தக்க எல்லை பெண்டிர்க்கு 21 கிலோ என்று காட்டப்பட்டுள்ளது. அங்ஙனமாயின் எம் ஆச்சியின் 14 எல்லா எல்லைக்கும் கீழே.

இத்துறையின் பெயர்பெற்ற ஆய்வுகளுள் ஒன்று ஹொனலூலுவில் நடந்தது. 45 முதல் 68 அகவையுள்ள 6,000-க்கு மேற்பட்டோரின் கைப்பிடியை அளந்துவைத்து, 25 ஆண்டுகள் கழித்துப் பார்த்ததில், நடு அகவையில் பிடி நலிந்திருந்தவரே முதுமையில் நடக்கவும் எழவும் மிகுதியாக இடர்ப்பட்டனர் என 1999-இல் எழுதினர். அவ்வாறாயிரவரும் ஆடவர். பெண்டிரைப் பற்றித் தனியே அறிய விரும்புவோர் பால்டிமோர் நகருக்குச் செல்லவேண்டும். அங்கு 1992-இல் தொடங்கிய ஆய்வொன்றில், 65 அகவைக்கு மேற்பட்ட 1,002 பெண்டிர் பங்கேற்றனர். அனைவரும் தத்தம் இல்லங்களில் வாழ்ந்தவர். ஆயினும் நடை, கைவேலை, வீட்டுக்காரியம், உடலைப் பேணல் என்னும் நான்கு வகையுள் இரண்டிலேனும் இடர்ப்பட்டவர். நலமாயிருப்போரை விடுத்து, தளர்ந்தும் வீட்டோடு போராடிக்கொண்டிருப்போரையே தேர்ந்தமை இவ்வாய்வின் சிறப்பு. ஆண்டுக்கணக்காக அவர்தம் இல்லங்களுக்கே சென்று, பிடியையும் முழங்கால் வலிமையையும் நிற்கும் நிலையையும் நடையின் வேகத்தையும் அளந்தனர். வலிமைக் குறைவொடு தள்ளாட்டமும் சேர்ந்தவரே நடையை மிக விரைவில் இழந்தனர் என்று கண்டனர். ஒன்று குறைந்தால் மற்றொன்று தாங்குகின்றது; இரண்டும் குறைந்தால் தாங்குவார் இல்லை.

இத்துறை ஆராய்ச்சிகள் காட்டும் மற்றொன்று எமக்கு மிகவும் உவப்பளித்தது. வலிமைக்கும் நடைக்கும் உள்ள உறவு நேர்கோடன்று. வலிமை மிக்கவர்க்கு இன்னும் வலிமை கூடினால் நடை கூடுவதில்லை. பயில்வான் நம்மைவிட விரைந்து கடைத்தெருவுக்குப் போவதில்லையன்றோ. மிக நலிந்தவர்க்கோ சிறிது வலிமை கூடினும் நடை பெரிதும் தேறுகின்றது. முதுமையின் அடித்தட்டில் நிற்பவரிடமே முயற்சிக்குப் பயன் மிகுதி. "இனி இவருக்கு என்ன செய்து என்ன?" என்று யாம் கைவிடுவதும் அவரைத்தான்.

நம் நாட்டுச் செய்தி இல்லையோ என்பார்க்கு இரண்டு கூறுவாம். இந்தியா உள்ளிட்ட 17 நாடுகளில் 35 முதல் 70 அகவை வரையுள்ள ஏறத்தாழ 1,40,000 பேரை ஆராய்ந்து 2015-இல் வெளியிட்ட கட்டுரை, பிடியில் 5 கிலோ குறையுந்தோறும் இறப்பு நேரும் நிலை நூற்றுக்கு 16 பங்கு மிகுதி என்றது. இரத்த அழுத்தத்தை அளந்து அறிவதினும் கைப்பிடியை அளந்து அறிந்தது திட்பமாயிருந்தது என்பது கண்டு பலரும் வியந்தனர். 2017–18-இல் 45 அகவைக்கு மேற்பட்டாரும் அவர் துணைவருமாக 72,000-க்கு மேற்பட்ட இந்தியரை வீடுதோறும் சென்று கண்ட அரசினர் ஆய்விலும் கைப்பிடியும் நடையும் அளக்கப்பட்டன.

நிற்க. மேலே பெரோன் செய்த பிழையை நினைவிற் கொள்ளுமாறு கூறினோம். அதனையொத்த பிழையை யாமும் செய்தோம். மருத்துவமனையினின்று மீண்ட மறுநாளே கடைக்குச் சென்று ரப்பர்ப் பந்தொன்றை வாங்கி, "இதை நாள்தோறும் அமுக்குங்கள், கால் தேறிவிடும்" என்று ஆச்சியிடம் கொடுத்தோம். ஆச்சியும் இரண்டு வாரம் பக்தி சிரத்தையோடு அமுக்கினார். விரல் நோவு கண்டதே பயன். கைப்பிடி காலுக்குச் சான்று, காரணம் அன்று. வெப்பமானியைக் குளிர்ந்த நீரில் வைத்தால் முள் இறங்கும்; காய்ச்சல் இறங்குமோ? பந்தை அமுக்கினால் முன்கை ஒருவேளை வலுக்கும். தொடையும் இடுப்பும் அதனை அறியா. காலுக்குப் பயிற்சி தந்து நடை தேறிய முதியோரிடத்தும் கைப்பிடியின் அளவு மாறாதிருத்தல் உண்டு. கையில் மூட்டுவாதம் உடையவர், வலியஞ்சி இறுக்காமல் விடுவதால் நலிந்தவராகத் தோன்றுதலும் உண்டு. அதனாலேயே மருத்துவர் கையோடு நில்லாது, நாற்காலியினின்று ஐந்துமுறை எழச்செய்வதும், சிறிது தொலைவு நடக்கச்செய்து விநாடியை எண்ணுவதும். ஐந்துமுறை எழ 12 விநாடிக்குக் குறையாது ஆவதும், விநாடிக்கு 1 மீட்டருக்குக் குறைந்த நடையும் கருத்திற்குரியன என்பது ஆசியக் குழுவின் வரையறை.

நடை தேறுமோ என்பார்க்கு 1990-இல் பாஸ்டன் நகரில் நடந்தது நல்ல விடை. முதியோர் இல்லமொன்றில் 86 முதல் 96 அகவையினரான பத்துப் பேர், பாரத்தைக் காலால் உயர்த்தும் பயிற்சியை எட்டு வாரம் மேற்கொண்டனர். அதனை முடித்தவர்க்குக் கால் வலிமை முன்னிருந்ததினும் ஏறத்தாழ இருமடங்கு கூடியது. இருவர் ஊன்றுகோலை விட்டனர். பத்துப்பேரைக் கொண்டு உலகை அளக்கலாகாதுதான். ஆனால் 2014-இல் வெளியான பேராய்வில் 70 முதல் 89 அகவை வரையுள்ள 1,635 பேர் பங்குகொண்டனர். மூன்றில் இரு பங்கினர் பெண்டிர். பாதிப்பேர் நடையும் காற்பயிற்சியும் மேற்கொண்டனர். ஏனையோர் உடல்நல உரைகளைக் கேட்டனர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டுக்குப் பின், 400 மீட்டர் நடக்கும் ஆற்றலை இழந்தவர் உரைகேட்டவருள் நூற்றுக்கு 35. பயின்றவருள் நூற்றுக்கு 30. ஐந்து பேர்தானா என்று சிலர் கேட்கக்கூடும். அவ்வைவருள் ஒருவர் தம் வீட்டு ஆச்சியாயின் அங்ஙனம் கேளார்.

இவற்றையெல்லாம் படித்தபின் எம் மனத்தை உறுத்தியது ஒன்று. அவர் கையினின்று செம்பை வாங்கியவர் யாம். துணியை வாங்கியவர் யாம். "உக்காருங்க" என்றவர் யாம். முதுமை எடுத்துக்கொண்டது பாதி. மீதியை அன்பு என்னும் பெயரால் எடுத்துக்கொண்டோம். பயிலாத தசை எவ்வகவையிலும் சுருங்கும். முதியோர்க்குச் சில நாட் படுக்கையே பேரிழப்பு. இதனாற் பழைய உலக்கையும் ஆட்டுக்கல்லும் மீண்டும் வேண்டும் என்று பாட யாம் துணியோம். அவற்றை ஏத்திக் கட்டுரை எழுதுவோர் அவற்றை இயக்கியவரல்லர். ஆச்சியின் முழங்காலையும் இடுப்பையும் தேய்த்ததில் அவற்றிற்கும் பங்குண்டு. கிரைண்டர் வந்த நாளை ஆச்சி இன்றும் பண்டிகை போலக் கூறுகின்றார்.

புறநானூற்றில் 278-ஆம் பாட்டை இவ்வாண்டு வகுப்பிற் பயின்றோம். காக்கைபாடினியார் நச்செள்ளையார் பாடியது. நரம்பு புடைத்து வற்றி மெலிந்த தோளையுடைய முதியவள், மகன் புறங்கொடுத்தான் என்ற சொல்லைக் கேட்டு வாளேந்திக் களஞ்சென்று, வீழ்ந்து கிடந்த பிணங்களைப் பெயர்த்துப் பெயர்த்துத் தேடிய செய்தி. வீரம், தாய்மை என்றெல்லாம் ஆசிரியர் விளக்கினர், யாமும் குறித்துக்கொண்டோம். இப்பொழுது அப்பாட்டை எடுக்குந்தோறும் வேறொன்றே கண்முன் நிற்கின்றது. அத்தோளோடு அவ்வாளை அவள் எங்ஙனம் பிடித்தாள்? அக்களம் முழுதும் எங்ஙனம் நடந்தாள்? புலவர் அவள் மெலிவை முதலில் எண்ணி எண்ணிக் கூறியபின்னரே வாளை அவள் கையில் வைக்கின்றார். அவ்வரிசை தற்செயலானதன்று என்று இப்பொழுது தோன்றுகின்றது.

மருத்துவமனையின் இயன்முறைப் பயிற்சியாளர் ஆச்சிக்குக் கற்பித்தவை மிக எளியவை. உயரமான நாற்காலியில் இரண்டு தலையணையிட்டு அமர்ந்து, கையூன்றாது எழுதல். எழுதல் எளிதானபின் ஒரு தலையணையை எடுத்துவிடுதல். அடுக்களை மேடையைப் பற்றிக்கொண்டு குதிகாலை உயர்த்துதல். கணுக்காலில் மணல் நிரப்பிய சிறு பையைக் கட்டி, அமர்ந்தபடியே காலை நீட்டுதல். ஒருநாள் விட்டு ஒருநாள். கஞ்சியோடு நில்லாது பயறும் முட்டையும் மீனும் நாள்தோறும் உண்ணவேண்டும் என்றார். தசைக்கு வேண்டிய பொருள் கஞ்சியிற் குறைவு. முதல் வாரம் ஆச்சி, "இந்த வயசுல எனக்கு டிரில் மாஸ்டரா?" என்று சினந்தார். தலையணை ஒன்றான நாளில் தாமே எம்மை அழைத்துக் காட்டினார். துணி பிழிதலை மீண்டும் தாமே எடுத்துக்கொண்டார். சிறு துணி மட்டும். போர்வை எம் பங்கு.

கம்பியைப் பற்றியும் கூறவேண்டும். கைப்பிடி காலுக்குச் சான்று மட்டுமே என்றோம். அதற்கு ஒரு விலக்கு உண்டு, அது படிக்கட்டு. அங்கே கை நேராகவே காலுக்குத் துணை செய்கின்றது. ஆனால் பற்றுவதற்குத் தக்க பருமன் வேண்டும். அகன்ற சுவரின்மேல் உள்ளங்கையை வைக்கலாம், பற்ற இயலாது. விரல்கள் சுற்றிவளைத்துப் பெருவிரலைத் தொடத்தக்க, ஏறத்தாழ 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள உருண்டைக் கம்பியே நலிந்த கைக்கு ஏற்றது. இதனை விளக்கி ஆலயப் பொறுப்பாளரிடம் எழுதிக் கொடுத்தோம். படிக்கட்டின் அழகு கெடும் என்றார் ஒருவர். அடுத்த கட்டட நிதியிற் பார்ப்போம் என்றார் மற்றொருவர். மூன்று மாதம் கடந்தது. ஒரு ஞாயிறு மாலையில், ஆலயம் வராது வீட்டிலிருக்கும் மூதாட்டியரை எண்ணிப் பார்த்தோம். எம் தெருவில் மட்டும் ஒன்பதின்மர். அவ்வொன்பது பெயரையும் எழுதிக் கொடுத்தபின் நவம்பர் மாதத்திற் கம்பி வந்தது. ஒருபுறம் மட்டுமே வந்தது, எனினும் வந்தது.

2024-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் அதிகாலை ஆராதனைக்கு ஆச்சி சென்றார். வலக்கையாற் கம்பியைப் பற்றி, இடக்கையை எம் தோளில் வைக்காமல், ஒவ்வொரு படியிலும் இருகாலையும் சேர்த்து நின்று ஏறினார். பின்னே வந்தவர் பொறுமையிழந்தனர். ஆச்சி அதனைப் பொருட்படுத்தவில்லை. ஜனவரியில் மருத்துவர் மீண்டும் அளந்தபொழுது, ஐந்துமுறை எழ 17 விநாடி ஆயிற்று. வரையறைக்கு அது போதாது. ஆனால் ஜூன் மாதத்தில் எழுந்தது ஒருமுறையே. கைப்பிடி 14-லிருந்து 15 ஆயிற்று. அவ்வொரு கிலோவைக் கருவியின் பிழை என்று தள்ளினும் தள்ளலாம் என்றார் மருத்துவர். ஊறுகாய் ஜாடியை ஆச்சி இன்றும் எம்மிடமே நீட்டுகின்றார். மூடியை இறுக்கியவர் யாரென்று மட்டும் இப்பொழுது கேட்பதில்லை.